பத்து நிமிட அமைதிக்குமா பஞ்சம்?

கண் மூடி, தலை கவிழ்ந்து, கைகள் மடியில் கிடக்க, சுற்றியிருப்பதை மறந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் தோளைத் தட்டி, "சார், பில்" என்று கேட்கலாமா? கேட்டுவிட்டார்கள். வேலூரில் ஒரு ஹோட்டல் பாரில், சனிக்கிழமை இரவு, விளக்குகளை மங்கலாக்கிவிட்டு நான் மைக்கைப் பிடித்துத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும்போது, மேடை மீதே ஏறி வந்து கேட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மேடையேறிப் பிழைக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள். பலகுரல் செய்கிறவர், மேஜிக் செய்கிறவர், மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர், எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். ஹோட்டல் பாரில் நிகழ்ச்சி என்றாலே சரணத்தின் நடுவில் மிக்ஸி ஓடும், நகைச்சுவையின் கடைசி வரியில் கண்ணாடிக் குவளை உடையும். அவர்களுக்காவது ஒரு வரி போனால் அடுத்த வரி இருக்கிறது. என்னுடையது ஹிப்னாடிச நிகழ்ச்சி, குரலாலேயே ஒருவரைத் துயில் போன்ற நிலைக்குக் கொண்டுபோவது. அதில் தொடக்கத்துப் பத்து நிமிடம் போனால் அன்றைய இரவே போயிற்று. நாற்காலியில் இருப்பவரின் கவனம் என் குரலில் மட்டும் குவிய வேண்டும். அதற்கு எனக்கு வேண்டியது அமைதி ஒன்றுதான். திரையோ புகையோ தங்கச் சங்கிலியோ வேண்டாம்.

இதையெல்லாம் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தாளில் எழுதியும் கொடுத்திருந்தேன். எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும். டி.வி.யை அணைக்க வேண்டும். தொடக்கத்தில் பத்து நிமிடம் மட்டும் யாருக்கும் எதுவும் பரிமாறக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. கைப்பிடி இல்லாத நாற்காலிகள், மேடை விளிம்பிலிருந்து தள்ளிப் போட வேண்டும். குடித்தவர்களை மேடைக்கு அனுப்பக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன். "நம் இடம் சார், நீங்கள் கவலையே படாதீர்கள்" என்றார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டார். பிரித்துப் படித்தாரா என்பதை அந்தச் சட்டைப் பைதான் சொல்ல வேண்டும்.

எட்டு மணிக்கு ஒரு பிறந்தநாள் கேக் வந்தது. எட்டரைக்கு அந்தக் கேக்கை முகத்தில் பூசிக்கொண்டார்கள். பிறகு மேடையைத் துடைத்தார்கள். பிறகு டி.வி.யில் கிரிக்கெட், "இன்னும் இரண்டு ஓவர்தான் சார்". நான் மைக்கைத் தொடும்போது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. இந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று இந்த ஆட்களுக்குப் புரியவே புரியாது. எட்டு மணிக்கு வந்தவர் ஒன்பதரைக்கு எத்தனையாவது குவளையில் இருப்பார்? ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு வந்தவர்கள், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்கள், எல்லாரும் களைப்பு தீரக் குடிக்க வந்தவர்கள்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. காசு கொடுத்துக் குடிக்க வந்த இடத்தில் குடிக்கிறார்கள். முன்னிரவில் நடக்க வேண்டியதைப் பின்னிரவுக்குத் தள்ளியவர் மேல்தான் கோபம்.

குடித்தவன் சீக்கிரம் மயங்குவான் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க உலவுகிறது. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை. ஹிப்னாடிசத்துக்குக் கூர்மையான கவனம் வேண்டும். போதை முதலில் தின்பதே அந்தக் கவனத்தைத்தான். குடித்தவர் நாற்காலியில் உட்கார்ந்தால் சிரிப்பார், எழுந்து ஆடுவார், இல்லையென்றால் உண்மையாகவே தூங்கிச் சரிந்து மண்டையை உடைத்துக்கொள்வார். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். மேடை ஹிப்னாடிசத்துக்கென்றே பிரிட்டனில் 1952-இல் தனிச் சட்டம் போட்டார்கள். பொது இடத்தில் காட்ட வேண்டுமென்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும், சிறு வயதினரை மேடையேற்றக் கூடாது. விளையாட்டுக் காரியம் என்று நினைத்தா சட்டம் போடுவார்கள்?

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

என் சொல் யாருக்கு ஏறும் என்று பார்க்க எல்லாரையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொன்னேன். இறுக்குங்கள், இன்னும் இறுக்குங்கள், இப்போது பிரிக்க முயன்று பாருங்கள். பெரும்பாலோர் உடனே பிரித்துவிட்டுச் சிரித்தார்கள். அதில் வியப்பில்லை. 1959-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்டு என்ற இரு உளவியலாளர்கள் யாருக்கு எவ்வளவு ஏறும் என்று அளப்பதற்கென்றே ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பதினைந்து பேர்தான் ஆழமாகப் போகக்கூடியவர்கள். ஏறக்குறைய அதே அளவுக்கு எதுவுமே ஏறாதவர்களும் உண்டு. மீதிப் பேர் நடுவில். அந்தப் பத்துப் பேரில் ஒருவர், குடிக்காதவராக, தானாக விரும்பி வருகிறவராக எனக்குக் கிடைக்க வேண்டும். ஒரு பாரில், ஒன்பதரை மணிக்கு!

கிடைத்தார். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. குடியாத்தம் பக்கத்து இளைஞர். நண்பர்களை வண்டியில் திரும்ப அழைத்துப் போக வேண்டும் என்பதால் எலுமிச்சைச் சோடா மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். கோத்த விரல்களைப் பிரிக்க முடியாமல் முழங்கை நடுங்க இழுத்துக்கொண்டிருந்தார், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இப்படிப்பட்டவர் கிடைப்பதற்காக நான் எத்தனையோ கூட்டங்களில் காத்திருந்து ஏமாந்திருக்கிறேன். இவரோ யாரும் இழுத்துவிடாமல் தானே எழுந்து வந்தார். பிறந்தநாள் கூட்டத்தார் தங்கள் நண்பன் ஒருவரை இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் கும்பிடுகிறார், இவர்கள் விடவில்லை. அவரைத் திருப்பி அனுப்பியதற்கு என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். போடட்டும்.

நாற்காலியில் உட்காரவைத்தேன். கண் மூடினார். மூச்சு நீண்டது. தோள் இறங்கியது, தாடை தளர்ந்தது, மூடிய இமைக்குள் கருவிழி அசைவது தெரிந்தது. வலது மணிக்கட்டில் ஒரு பலூன் கட்டியிருப்பதாகவும், அது மெல்ல மேலே இழுப்பதாகவும் சொன்னேன். முதலில் ஆள்காட்டி விரல் துடித்தது. பிறகு மணிக்கட்டு தொடையை விட்டு எழும்பியது. வேண்டுமென்றே தூக்கும் கை இப்படி எழாது. வேண்டுமென்றே தூக்கினால் வழுக்கிக்கொண்டு ஒரே சீராக எழும், இது விட்டுவிட்டு, சிறு சிறு உதறலாக எழுந்தது. கூட்டமும் அடங்கியது. பிறந்தநாள் மேசைகூட அடங்கிவிட்டது. கூச்சல் போட்டவர்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

அப்போதுதான் பரிமாறுகிற தம்பி மேடைப் படியில் கால் வைத்தார்.

நான் பார்த்தேன். பேச்சை நிறுத்த முடியாது, குரல் அறுந்தால் எல்லாம் போச்சு. கண்ணால் வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினேன். மைக் இல்லாத கையை விரித்துத் தடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கறுப்புத் தோல் உறையில் பில், பக்கத்தில் சோம்பும் கற்கண்டும் வைத்த சின்ன எவர்சில்வர் கிண்ணம். கிண்ணம் சாயாமல் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு அவ்வளவு கவனம்! இளைஞரின் தோளைத் தட்டினார். "சார், பில்." அவர் அசையவில்லை. இன்னொரு முறை தட்டினார். அவர் அசையவில்லை. அதற்குள் வலது கை மார்பு உயரத்துக்கு எழுந்து, உள்ளங்கை தளர்ந்து, காற்றில் நின்றுகொண்டிருந்தது. பில்லுக்குத்தான் கை நீட்டுகிறார் என்று அந்தத் தம்பி முடிவு செய்துகொண்டார். தோல் உறையை அந்தக் கையில் வைத்தார்.

அரங்கம் வெடித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், விசிலடித்தார்கள், எல்லாருடைய செல்போனும் மேலே எழுந்தது. நிகழ்ச்சியில் நானே வைத்த காட்சி என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றிரவு விழுந்த மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். கொதித்து எழும் பாலில் தண்ணீர் தெளித்தது போல நான் எழுப்பியதெல்லாம் அடங்கிவிட்டது. இளைஞர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த உறையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை.

ஆழமாகப் போனவரை அப்படி எழுப்பக் கூடாது. சொன்ன ஒவ்வொரு யோசனையையும் திரும்ப எடுக்க வேண்டும், மணிக்கட்டில் பலூன் இல்லை, கை பழையபடி கனமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிப் படிப்படியாக வெளியே கொண்டுவர வேண்டும். நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருக்கும்போதே மேலாளர் பாட்டைப் போடச் சொல்லிவிட்டார். தரை அதிரும் பாட்டு. அந்த இரைச்சலுக்குள் அவர் காதருகே குனிந்து எண்ணினேன். தலை கனக்கிறது என்றார். தண்ணீர் வாங்கிக் கொடுத்து, தலை தெளிந்து இயல்பாகப் பேசும் வரை கூடவே இருந்தேன். வண்டிச் சாவியை அன்றைக்கு வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னேன். அந்த மேசையில் வேறு யாரும் குடிக்காமல் இல்லை என்பதால் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் முன்வரிசையில் ஒருவர், "எல்லாம் செட்டப், ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்" என்று உரக்கச் சொல்கிறார். ஐயா, 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர் இதே போன்ற முறையில் நோயாளிகளைத் துயிலவைத்து அறுவைச் சிகிச்சை செய்தார். குளோரோஃபார்ம் வருவதற்கு முன்பு! கத்தி பட்டுப் படுத்திருந்தவர்களும் செட்டப்பா? கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் 1813-இல் பாரிஸில், ஆற்றல் துயிலவைப்பவனிடம் இல்லை, துயில்பவனிடம்தான் இருக்கிறது என்று சொன்னார். அதையேதான் நானும் ஒவ்வொரு மேடையிலும் முதலில் சொல்கிறேன். எனக்கு எந்தச் சக்தியும் இல்லை, இது அவருடைய திறமை என்று சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். நன்றாகத் திட்டுவதென்றுதான் போனேன். சமையலறை வாசலில் நின்றிருந்தார். "அந்த டேபிள் பணம் கட்டாமல் போய்விட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் சார். போன மாதம் பிடித்தார்கள்" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? பரிமாறக் கூடாது என்ற பேச்சே அவர் காதுக்கு வரவில்லையாம். சட்டைப் பையில் மடித்து வைத்த தாள் எப்படிக் காதுக்கு வரும்!

மேலாளர் பாதிப் பணம்தான் கொடுத்தார். நிகழ்ச்சி பாதியில் நின்றுவிட்டதாம். கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த பில் ஐட்டம் பிரமாதம் சார். அடுத்த தடவையும் அதை வையுங்கள்."

இந்த மண்ணில் இப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்தவர்கள் நாம். விடிய விடியத் தரையில் உட்கார்ந்து கட்டியக்காரன் பேச்சைக் கேட்கிற கூட்டம் இது. துரியோதனன் வீழும் படுகளத்தன்று மண்ணால் செய்த அவன் உருவம் தரையில் நீண்டு கிடக்க, பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அருள் வந்தால் ஊர் என்ன செய்கிறது? விலகி வழி விடுகிறது. விழாமல் இருக்கப் பின்னால் இருவர் தாங்கிக்கொள்கிறார்கள். ஒருவர் மஞ்சள் தண்ணீர் கொண்டு வருகிறார். அவளைப் பார்த்துச் சிரிக்கிறவன் அந்த ஊரில் உண்டா? அருளும் ஹிப்னாடிசமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. தன்னை மறந்து நிற்கும் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஏ.சி. போட்ட அறைக்குள் வந்ததும் அந்த மரியாதை எங்கே போகிறது?

வெளியே வந்து புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடைக்குப் போனேன். சர்க்கரை இல்லாமல் ஒரு டீ என்றேன். தெளிவாகச் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். வாயில் வைத்தால் இனிப்பு. கேட்டால், "கொஞ்சம்தான் சார் போட்டேன்" என்கிறார். இல்லாமல் என்றால் கொஞ்சம் என்று எந்த ஊரில் அர்த்தம்? டம்ளரில் ஏற்கெனவே சர்க்கரையைப் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்றை எடுத்துக் கழுவச் சோம்பல். எத்தனை நீரிழிவு நோயாளிகள் சிகிச்சைக்கு வந்து தங்கும் ஊர் இது! வேறு டம்ளரில் போட்டுத் தாருங்கள் என்றதற்கு, பால் தீர்ந்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிட்டார். காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.