பிடித்துக்கொண்டு நடந்தால் என்ன குறை?

அம்மாவுக்கு 74 வயது. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. கைத்தடி வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, அது கதவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. "தடி ஊன்றிக்கிட்டு லிஃப்டுல போனா புளோக்குல எல்லாரும் என்ன நினைப்பாங்க?" என்கிறார். சுவரைத் தொட்டு, மேசையைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். தடி மட்டும் கூடாதாம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அவரையும் சிங்கப்பூரின் மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே ஓராங் ஊத்தான் என்னும் வாலில்லாக் குரங்குகள் நம் தலைக்கு மேலே மரத்திலும் கயிற்றிலும் திரியும். இங்கே பேர்பெற்ற ஆ மெங் என்ற ஓராங் ஊத்தான் காலத்திலிருந்து நம் ஊர்க்காரர்களுக்கு அவை சொந்தம் மாதிரி. அன்று ஒன்று, கீழே இருந்த கயிற்றில் இரண்டு கால்களையும் வைத்து, மேலே இருந்ததை ஒரு கையால் பிடித்தபடி நிமிர்ந்து நடந்து போனது. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நம்ம மாதிரியே நடக்குதே" என்றார்.

அம்மா சொன்னது சரிதான். சுமத்ராக் காட்டில் ஓராங் ஊத்தான்கள் எப்படியெல்லாம் நகர்கின்றன என்று ஆய்வாளர் சுசானா தார்ப்பும் அவருடைய சகாக்களும் ஏறத்தாழ 2,800 முறை பார்த்துக் குறித்து, 2007இல் வெளியிட்டார்கள். கிளை மெல்லியதாக ஆக ஆக, அவை கையால் மேலே பிடித்துக்கொண்டு இரண்டு காலில் நடப்பது கூடுகிறது. அப்போது முழங்காலும் இடுப்பும் நம்மைப்போல் நீண்டு நேராக இருக்கின்றன. சிம்பன்சி இரண்டு காலில் நின்றால் முழங்கால் மடங்கித்தான் இருக்கும்.

இங்கே எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. குனிந்த குரங்கு, கொஞ்சம் நிமிர்ந்த குரங்கு, கடைசியில் விறைப்பாக நடக்கும் மனிதன் என்று ஒரு வரிசைப் படம் எல்லா இடத்திலும் இருக்கிறதே, அது தப்பு. சிம்பன்சி நம் பாட்டன் இல்லை, பங்காளி. விரல் முட்டியை ஊன்றி நடப்பது அதன் வழி. ஒவ்வொரு இனமும் தன் மரத்துக்கும் தன் உணவுக்கும் ஏற்ற நடையைக் கொண்டிருக்கிறது. மெக்ரிட்சி காட்டில் நாம் பார்க்கும் நீண்டவால் குரங்கு நாலு காலில் நடக்கும். நம் காட்டிலேயே மிகக் குறைவாக மிஞ்சியிருக்கும் கறுப்பு லங்கூர் குரங்கு கிளைக்குக் கிளை தாவும். கிப்பன் கை மாற்றி மாற்றி ஊஞ்சலாடிப் போகும். இவற்றில் எதுவும் மனிதனாவதற்குப் பாதி வழியில் நிற்கவில்லை.

அப்படியானால் நாம் எங்கே நிமிர்ந்தோம்? காடு குறைந்து புல்வெளி பரவியதும் தரையில் இறங்கி நிமிர்ந்தோம் என்றுதான் நாம் படித்தோம். ஆனால் எத்தியோப்பியாவில் கிடைத்த 44 லட்சம் ஆண்டுப் பழமையான, மனிதக் கிளையைச் சேர்ந்த ஆர்டிபிதெகஸ், காடு சார்ந்த இடத்தில் வாழ்ந்தது. இரண்டு காலில் நடக்கவும் செய்திருக்கிறது, ஆனால் அதன் கால் பெருவிரலோ கிளையைப் பற்றும்படி விலகி நிற்கிறது. தான்சானியாவின் லேட்டோலியில் 1978இல் தொல்லுயிர் ஆய்வாளர் மேரி லீக்கி குழுவினர் கண்ட, எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளுக்கு 36 லட்சம் வயதுக்கு மேல். அவை கிட்டத்தட்ட நம் காலடிகளே. ஆக, நிமிர்ந்த நடை மரத்திலேயே, கிளையைப் பிடித்தபடி தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள் தார்ப் குழுவினர். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. எனக்கு இதுவே நம்பும்படி இருக்கிறது.

தரையில் நிமிர்ந்து நடப்பதால் நமக்குக் கிடைத்த லாபம் பெரியது. சிம்பன்சி செலவழிப்பதைவிட நாம் நடக்கச் செலவழிக்கும் சக்தி சுமார் 75 சதவீதம் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு இடுப்பெலும்பு குட்டையாகி, கிண்ணம்போல் பக்கவாட்டில் வளைய வேண்டியிருந்தது. நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சற்று நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்த நேரத்தில் இடுப்பு மறுபக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. சிம்பன்சிக்கு இந்த அமைப்பு இல்லாததால் பக்கத்துக்குப் பக்கம் ஆடி நடக்கும். வயதாகி மூட்டு தேய்ந்து அந்தத் தசை தளர்ந்தால் நமக்கும் நடை ஆடும். அம்மாவின் நடை இப்போது அப்படித்தான் இருக்கிறது.

தடியைப் பிடிக்கும் விதமும் இதில்தான் இருக்கிறது. வலிக்கும் பக்கத்திலேயே தடி வைப்பவர்களை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பிளாக்குகளின் கீழே தினமும் பார்க்கிறேன். அது தவறு. வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும், வலது காலோடு சேர்ந்து முன்னே போக வேண்டும். அப்போதுதான் தளர்ந்த தசையின் சுமையில் ஒரு பங்கைக் கை ஏற்கும். தடியின் பிடி, நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் இருக்கட்டும்.

இதையெல்லாம் திரும்பி வரும்போது பேருந்தில் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. போன ஞாயிறு தேக்கா சந்தைக்குக் கிளம்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவரே தடியை எடுத்தார். "எந்தக் கைன்னு சொன்னே?" என்று கேட்டார்.