யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார்?

வறுமையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் பைபிளின் பழமொழித் தொகுப்பான நீதிமொழிகள் புத்தகத்தின் 10:4-ஐ எடுத்து நீட்டிவிடுகிறார். "சோம்பற்கையால் வேலைசெய்கிறவன் ஏழையாவான்." வேதமே சொல்லிவிட்டது, ஏழையின் நிலைக்கு ஏழைதான் காரணம், பேச்சு முடிந்தது. எனக்கு மனம் ஆறவே இல்லை. அதே புத்தகத்தில் மூன்று அதிகாரம் தள்ளி 13:23 இருக்கிறதே! ஏழையின் வயல் நன்றாகத்தான் விளைகிறது, நியாயம் கிடைக்காமல்தான் அவன் கெட்டுப்போகிறான் என்கிறது அது. அதை ஏன் யாரும் எடுத்து வாசிப்பதில்லை?

26-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மூடனுக்கு அவன் போக்கிலேயே பதில் சொல்லாதே என்கிறது 4-ஆம் வசனம். சொல் என்கிறது 5-ஆம் வசனம். தொகுத்தவர்கள் கவனிக்காமல் விட்டதாக நான் நினைக்கவில்லை. இடம் பார்த்து, ஆள் பார்த்துப் பேசு என்று பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறார்கள். மூடன் வாயில் அகப்பட்ட பழமொழி வெறியன் கையில் அகப்பட்ட முள் என்பதும் அதே அதிகாரம்தான்.

உவமைகள் இன்னும் கூர்மையானவை. தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது, உரியாவைப் போர்முனையில் சாகவிடும்படி எழுதிய கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிய ராஜா. அப்படிப்பட்டவர் முன்னால் போய் நிற்கிறார் நாத்தான் தீர்க்கதரிசி. எடுத்ததும் குற்றம் சாட்டவில்லை, ஒரு கதை சொல்கிறார். ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டி. அவன் தட்டில் சாப்பிட்டு, அவன் மடியில் படுத்து, மகளைப்போல வளர்ந்த குட்டி. மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்த பணக்காரன் விருந்தாளிக்காக அதைப் பிடித்து அடித்துச் சமைத்துவிட்டான். கேட்டுக்கொண்டிருந்தவரோ ஆடு மேய்த்து வளர்ந்தவர். கொதித்துப்போனார். அவன் சாகவேண்டும், நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அப்புறம்தான் வந்தது: "நீயே அந்த மனுஷன்." இதை ஞாயிறு பள்ளியில் பிராணிகளிடம் அன்பாயிருங்கள் என்கிற அளவுக்குச் சுருக்கிச் சொல்லும்போது வயிறு எரிகிறது.

யோதாமும் அப்படித்தான். சகோதரர் எழுபது பேரைக் கொன்று ராஜாவான அபிமெலேக்கு ஒரு பக்கம், தப்பிப் பிழைத்த கடைசித் தம்பி யோதாம் மறுபக்கம். கெரிசீம் மலைமேல் ஏறி நின்று அபிமெலேக்கை ராஜாவாக்கிய சீகேம் ஊராருக்குக் கேட்கும்படி கத்துகிறார்: ஒலிவ மரமும் அத்தி மரமும் திராட்சைக் கொடியும் வேண்டாமென்ற ராஜ பதவியை முட்செடி ஒப்புக்கொண்டதாம், என் நிழலில் வந்து ஒதுங்குங்கள் என்றதாம். சொல்லி முடித்ததும் உயிருக்குப் பயந்து ஓடிவிட்டார்.

இந்த இரண்டு கதைகளும் கீழே நிற்பவர் மேலே இருப்பவரைப் பார்த்துச் சொன்னவை. நாமோ மேலே உட்கார்ந்துகொண்டு, அடிபட்டுக் கிடப்பவன் தலையில் வசனத்தைப் போடுகிறோம்.

யோபுவின் நண்பர்கள் செய்ததும் அதுதான். ஒரு தவறும் செய்யாமலே பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்தவரிடம், விதைத்ததைத்தான் அறுப்பாய் என்று அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாஸ் ஞானம் பேசினார். தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் பிழையே தெரியாது. ஆனால் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் மூண்டது, கடவுளையே கேள்வி கேட்டுத் துளைத்த யோபுவின்மேல் அல்ல, எலிப்பாஸின்மேலும் அவருடைய இரண்டு நண்பர்மேலும்.