பின்மண்டையில் இருப்பது கொம்பு இல்லை

அண்ணா, போன் பார்த்துக் குனிவதால் பிள்ளைகளுக்குப் பின்மண்டையில் கொம்பு முளைக்கிறது, தாடையும் கோணிப்போகிறது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. ஊட்டியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். இதைப் படித்துவிட்டு ஒரு மாணவி பயந்துபோய் வந்தாள்.

கம்பளித் தொப்பியைக் கழற்றி, பிடரிக்கு மேலே நடுவில் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அங்கே தட்டுப்படும் மேடு பிடரி எலும்பின் இயல்பான புடைப்பு. கழுத்துத் தசைநார் வந்து பிடித்துக்கொள்ளும் இடம் அது. பொதுவாக ஆண்களுக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். போன் வருவதற்கு முன்பிருந்தே மண்டையோட்டைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்க இதையும் ஒரு அடையாளமாகக் கொள்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் செய்தி 2018-ல் ஆஸ்திரேலியாவில் இருவர் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பியது. 18 முதல் 86 வயது வரையிலானவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். யார் எவ்வளவு நேரம் போன் பார்த்தார்கள் என்று அளக்கவே இல்லை. 2019-ல் அந்த ஆய்வை வெளியிட்ட இதழே அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

அப்புறம் தாடை. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், மூட்டு உருண்டு முன்னே நகர்வது தெரியும். உள்ளே ஒரு சிறு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. அது இடம் மாறும்போது 'டிக்' என்று சத்தம் வரலாம். வலி இல்லையென்றால் பெரும்பாலும் வைத்தியமே தேவைப்படாது. வலித்தாலோ வாய் திறக்க முடியாமல் போனாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நெடுநேரம் குனிந்திருந்தால் கழுத்து வலிக்கும், அது உண்மைதான். அதற்காகப் பிள்ளைகளிடம் கொம்பு என்று சொல்லாதீர்கள் அண்ணா, ராத்திரி தூங்காமல் தலையைத் தடவிக்கொண்டு கிடக்கிறார்கள்.