முதலில் எழுந்திருக்கச் சொல்லிக் கொடுங்கள்

அமெரிக்க ஹைஸ்கூல்களில் நவம்பர் வாக்கில் மல்யுத்த சீசன் தொடங்கும்போது, அதுவரை பாயில் கால் வைத்தே பார்க்காத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து நிற்பார்கள். இவர்களுக்கு எதை முதலில் கற்றுத்தருவது என்பதில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோரும், என்னைப் போல உதவிக் கோச்சாக நிற்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வழக்கமாக முதல் நாளே நிற்கும் நிலை, அப்புறம் இரண்டு காலையும் பிடிக்கும் டபுள் லெக், ஒரு காலைப் பிடிக்கும் சிங்கிள் லெக் என்று, எதிராளியைக் கீழே வீழ்த்தும் டேக்டவுனில் ஆரம்பிப்பார்கள். நான் கீழிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். எதிராளிக்குக் கீழே மாட்டிக்கொண்டவன் எழுந்து வெளியே வருவதுதான் முதல் பாடம்.

காரணம் எளிது. நம் பிள்ளை முதல் போட்டியில் சந்திக்கப்போகிறவன், ஐந்து ஆறு வயதிலிருந்தே கிளப்பில் பழகியவனாக இருக்கலாம். விசில் ஊதிய கொஞ்ச நேரத்திலேயே நம்மாள் கீழே கிடப்பான். ஒலிம்பிக்கில் பார்க்கும் ஃப்ரீஸ்டைல் என்றால், மேலிருப்பவனால் திருப்பிப் போட முடியவில்லை என்றதும் நடுவர் இருவரையும் எழுப்பி நிற்கவைத்துவிடுவார். பள்ளிகளில் ஆடும் ஃபோக்ஸ்டைலில் அந்தச் சலுகை கிடையாது. மேலிருப்பவன் முயன்றுகொண்டே இருக்கும்வரை, நீயாக எழுந்தால்தான் உண்டு. ஆட்டம் இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று பகுதி. இரண்டாவதும் மூன்றாவதும் ஒருவர் மண்டியிட்டுக் கீழேயும் மற்றவர் மேலேயுமாகவே தொடங்கலாம். ஆக, ஒரு முறையாவது கீழே மாட்டாமல் இருக்க வழியே இல்லை.

சரி, எழுவது எப்படி? கைகளும் முழங்கால்களும் பாயில் இருக்கின்றன. பின்னாலிருப்பவன் ஒரு கையால் இடுப்பைச் சுற்றி, மறு கையால் முழங்கையைப் பிடித்திருக்கிறான். விசில் கேட்டதும் புதுப் பிள்ளை முன்னால் தவழ்ந்து ஓடப் பார்ப்பான். உடம்பு முன்னால் சாய்ந்ததுமே மேலிருப்பவன் அவனை அமுக்கிப் படுக்கவைத்துவிடுவான். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. தலையை நிமிர்த்தி, முதுகால் அவனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, ஒரு பாதத்தை அழுத்தமாக ஊன்ற வேண்டும். அதே வேகத்தில், வயிற்றைச் சுற்றியிருக்கும் அவன் கையை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். பிடித்தால் நான்கு விரலையும் சேர்த்துப் பிடிக்கணும், ஒற்றை விரலை முறுக்கக் கூடாது. எழுந்து நின்று, அந்தக் கையைக் கீழே தள்ளி, இடுப்பை விலக்கித் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தால் ஒரு புள்ளி.

முழங்கையை இத்தனை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அது விலாவை விட்டு அகன்றால், அந்த இடைவெளியில் எதிராளியின் கை நுழைந்து பிடரிக்கு வந்துவிடும். அதுதான் ஹாஃப் நெல்சன். அப்புறம் மல்லாத்துவது சுலபம். இரண்டு தோளும் இரண்டு நொடி பாயில் அழுந்தினால் ஆட்டமே முடிந்தது.

2024-25 சீசனிலிருந்து டேக்டவுனுக்கு மூன்று புள்ளியாகிவிட்டதே, தப்பித்தால் ஒன்றுதானே என்று கேட்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் கீழே போனால் என்ன ஆகுமோ என்று பயப்படுகிற பிள்ளை எதிராளியின் காலைத் தேடிப் பாயவே மாட்டான். தூரத்தில் நின்று கையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பான். விழுந்தாலும் எழுந்துவிடுவேன் என்ற தைரியம் வந்தவன்தான் துணிந்து உள்ளே நுழைகிறான்.

டேக்டவுனே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருஷத்துக்கு டபுள் லெக் ஒன்று போதும். இடுப்பில் குனியாமல் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும், தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். தலையைக் கவிழ்த்துப் பாய்ந்தால் பிடி போவது இருக்கட்டும், கழுத்துக்கே ஆபத்து. கழுத்தைக் கட்டித் தூக்கி எறியும் ஹெட்லாக் மோகத்தை மட்டும் தயவுசெய்து வளர்க்காதீர்கள். புதியவனுக்குப் புதியவன் என்றால் அது ஜெயிக்கும். பழகியவன் எதிரே வந்தால், எறியப் போனவனே எதிராளிக்கு முதுகைக் கொடுத்து மாட்டிக்கொள்வான்.

கடைசியாக எடை. இதில் எனக்குக் கோபமே வரும். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி வீரர்கள், சில வார இடைவெளியில், எடை குறைக்கப்போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் விதிகள் இறுகின. ஹைஸ்கூலில் இன்று சிறுநீரைச் சோதித்து, உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கிறார்கள். பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் கொழுப்புக்குக் கீழே போக விடுவதில்லை. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. இவை கடைசி எல்லைகள். வளர்கிற வயதில், முதல் வருஷப் பிள்ளை அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. கீழ் எடைப் பிரிவில் இடம் காலியாக இருக்கிறது, கொஞ்சம் இறக்கினால் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் ஆடலாம் என்று கோச்சே சொன்னாலும், பெற்றோர் தாராளமாக மறுக்கலாம். அதற்கு அடுத்த அணியான ஜூனியர் வார்சிட்டியில் தன் சொந்த எடையில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஆடட்டும்.