ஆன்ட்டி, இது கலிபோர்னியா இல்லை

அந்த இருபத்துமூன்று செக்கன் வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்கள், கட்டாயம் வந்திருக்கும். என் நாத்தனாருக்குக் கனடாவிலிருந்து வந்திருக்கிறது. மலைநாட்டில் காணி விற்கக் கூட்டிய ஒரு கூட்டம் அது. நீலச் சேலை கட்டிக்கொண்டு, மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிக்கத் தெரியாமல் நிற்பது நான்தான். "ஆன்ட்டி, இது கலிபோர்னியா இல்லை" என்று காணி விற்க வந்த தம்பி சொன்னதும் மண்டபமே சிரித்ததே, அந்த இடத்தோடு வீடியோவை வெட்டியிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்வி அதில் இல்லை. கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் சுற்றவிட்டால் யாரையும் கோமாளியாக்கலாம்.

கேள்வி இதுதான். திரையில் பண்டாரவளைப் பக்கத்துக் காணித் துண்டுகளைக் காட்டினார்கள். உச்சியில் காணி, கீழே சரிவு முழுக்கப் புல், பக்கத்தில் பைனஸ் காடு. காட்சிக்குக் குறைவில்லை. அடுத்து ஒரு வரைபடம் வந்தது. காணி இருந்த இடம் பச்சை. "பார்த்தீங்களா, ஆபத்தே இல்லாத இடம்" என்றார் அந்தத் தம்பி. அது மண்சரிவுக்கான வரைபடம். மலைநாட்டில் வீடு கட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில் சான்றிதழ் எடுக்க அலைந்தவர்களுக்கு அந்த நிறங்கள் பழக்கம். நான் எழும்பிக் கேட்டேன்: "தம்பி, இந்தப் பச்சை மண்ணுக்குத்தானே? நெருப்புக்கு என்ன நிறம்?"

இதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

சரி, கலிபோர்னியா என்று அவரே சொல்லிவிட்டார், அங்கிருந்தே தொடங்குவோம். அங்கே அரசாங்கமே தீ அபாய வலயங்களைப் பிரித்து வரைபடம் போட்டிருக்கிறது. மிதமானது, அதிகம், மிக அதிகம் என்று மூன்று படி. அந்த வரைபடத்தைப் போட்டவர்களே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: இது ஹசார்ட், ரிஸ்க் இல்லை. அதாவது அந்த நிலத்தில் நெருப்பு வரக்கூடிய தன்மையைத்தான் நிறம் சொல்கிறது. உங்கள் வீடு பற்றுமா பற்றாதா என்பதைச் சொல்லாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் எரிந்தபோது அல்டடீனாவில் 'மிக அதிகம்' என்ற நிறம் படாத தெருக்களும் சாம்பலாகின. நிறத்துக்கு வெளியே இருக்கிறோம் என்று அங்கேயும் நிம்மதியாகத் தூங்கியவர்கள் இருந்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், இதையே இன்னும் நாலு தடவை சொல்வேன். மலைக்கு நிறம் பூசினால் போதாது. வீட்டைப் பார்க்க வேண்டும். எந்த வீடு, எந்தப் பக்கம், கீழே என்ன வளர்ந்திருக்கிறது, கூரை ஓரத்தில் என்ன குவிந்திருக்கிறது.

என் தம்பி மெல்பேர்னுக்கு வெளியே மரங்கள் அடர்ந்த பக்கத்தில் இருக்கிறான். அவன் வீடு கட்டும்போது ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனாராம். காட்டுத்தீ வந்தால் அந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு வெப்பம் அடிக்கும் என்று கணக்குப் போட்டு வீட்டுக்கு ஒரு படி கொடுக்கிறார்கள். குறைவு, 12.5, 19, 29, 40, கடைசியில் சுவாலை வலயம் என்று ஆறு படி. எண்கள் ஒரு சதுர மீற்றரில் விழும் வெப்பம், கிலோவாட்டில். இவனுக்கு 29. அதற்காக ஜன்னலுக்குக் கெட்டிக் கண்ணாடி, காற்றுத் துளைகளுக்கெல்லாம் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை. "அக்கா, அந்த ஜன்னலுக்குக் கொடுத்த காசுக்கு ஊரில் ஒரு அறையே கட்டியிருப்பேன்" என்று இன்னும் புலம்புகிறான். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வந்தவர் சரிவை வீடு இருக்கும் இடத்தில் அளக்கவில்லையாம். நூறு மீற்றருக்குள் மரம் நிற்கிற பக்கம் போய், மரத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தின் சரிவை அளந்தாராம். ஏனென்றால் நெருப்பு அந்த வழியாகத்தான் ஏறி வரும். பத்துப் பாகை மேட்டில் ஏறும்போது சமநிலத்தில் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு வேகம், இருபது பாகையில் நாலு மடங்கு.

இப்போது அந்தக் காணியை நினைத்துப் பாருங்கள். உச்சியில் தட்டையான நிலம். மண்சரிவைப் பொறுத்தவரை பயமில்லாத இடம், அதனால்தான் பச்சை. நெருப்புக்கு? கீழே புல், நடுவில் சரிவு, மேலே நீங்கள் தேநீர் குடிக்கும் வராந்தா. ஒரு வரைபடம் நல்லது என்று சொல்வதை இன்னொரு வரைபடம் கெட்டது என்று சொல்லலாம். இந்த இன்னொரு வரைபடம் நம்மிடம் எங்கே என்றுதான் கேட்டேன்.

'ஆன்ட்டி, வெறும் புல்லுதான் எரியிறது' என்று ஒருவர் கமென்டில் போட்டிருந்தார். சிரிக்கும் முகம் மூன்று. அவருக்காக ஒரு கதை.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே ஒரு தோட்டம், ஒரே கூரையின் கீழ் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பத்துக் காம்பரா, வரிசையாகப் பத்து வீட்டு அறைகள். எங்களுடையது ஒன்பதாவது, பத்தாவதில் ஒரு பாட்டி. ஆகஸ்ட் மாதம். கொழும்புக்காரர்களுக்கு ஆகஸ்ட் என்றால் நல்லூர்த் திருவிழா, ஸ்கூல் லீவு. ஊவாவில் ஆகஸ்ட் என்றால் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் அந்தப் பக்கத்து மலையில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காய்ந்த காற்றாக இறங்கும். மட்டக்களப்பு ஆட்கள் கச்சான் என்பார்களே, அதன் உறவுக்காரன்தான். உதடு வெடிக்கும். துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் பப்படம் மாதிரி நிற்கும். மானாப்புல் ஆளுயரம் காய்ந்து நிற்கும்.

அன்று மத்தியானம் கீழே பத்தனையில், அதாவது மலைச்சரிவுப் புல்வெளியில், புல் பற்றி மேலே ஏறியது. சத்தம்தான் முதலில் வந்தது, தகரத்தில் மழை விழுகிற மாதிரி. ஆம்பளைகள் பச்சைக் கொப்புகளை உடைத்துக்கொண்டு அடிக்கப் போனார்கள். தேயிலை மலைக்கு வந்ததும் நெருப்பு திணறியது. தேயிலைக்கு அடியில் களை பிடுங்கிச் சுத்தமாக இருந்ததால் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லோரும் "விட்டுச்சு, விட்டுச்சு" என்று திரும்பி வந்தார்கள். அப்பா முகம் கரி, கண் மட்டும் வெள்ளை.

இரவு எட்டு மணி இருக்கும். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். கூரை இறவாணத்துக்கு அடியில் நாங்கள் அடுக்கி வைத்திருந்த விறகுக்குள் சிவப்பாக ஒரு கண். பீடி நுனி அளவுதான். மத்தியானம் தேயிலைக்கு மேலே பறந்து வந்த பொறி ஒன்று உள்ளே போய் உட்கார்ந்து, ஆறு ஏழு மணி நேரம் சத்தமில்லாமல் தின்றிருக்கிறது. அப்பா ஒரு கட்டையை இழுத்ததும் காற்றுப் பட்டுக் குப்பென்று பற்றியது. பீலிக்கரைக்கு ஓடி ஓடித் தண்ணீர் கொண்டுவந்தோம். (தோட்டத்தில் பீலி என்றால் தண்ணீர் விழும் இடம். கொழும்பில் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்குப் போடுவது. இரண்டுமே இந்தக் கதைக்கு வேண்டும்.) கதவு நிலை பாதி கருகியது. மானாப்புல் வேய்ந்த மாட்டுக்கொட்டில் முழுதாகப் போனது. மாட்டை அவிழ்க்கப் போன அப்பாவுக்கு முன்கையில் கொப்புளம், சாகும்வரை அந்தத் தழும்பு வழவழவென்று இருந்தது.

பத்தாவது காம்பராப் பாட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. காலையும் மாலையும் ஈர்க்கு விளக்குமாற்றால் வாசலை அப்படிக் கூட்டுவாள், நாங்கள் கேலி செய்வோம். விறகை உள்ளே வைத்திருந்தாள். அதே மலை, அதே லயம், சுவர்கூட ஒரே சுவர். உங்கள் வரைபடத்தில் இரண்டு காம்பராவும் ஒரே நிறம்.

வெறும் புல்லாம்.

அடுத்த ஆட்சேபம்: 'மண்சரிவில் சனங்கள் செத்துப்போனார்கள், நீங்கள் புகையைப் பற்றிப் பேசுகிறீர்கள்.' இது கொஞ்சம் குத்தியது, மறைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களோடு ஆட்கள் மண்ணுக்குள் போனது எனக்கு யாரும் நினைவுபடுத்தித் தெரிய வேண்டியதில்லை. கொஸ்லந்தையில் எங்களுக்கு உறவு இருக்கிறது. மண்சரிவுதான் பெரிய எமன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். நிறம் பூசிய பிறகு வீடு வீடாக யார் போனது என்பதுதானே அங்கேயும் கேள்வி? அதோடு இரண்டும் தனித்தனி இல்லை. ஆகஸ்டில் எரிந்து மொட்டையான சரிவில்தான் ஒக்டோபர், நவம்பர் மழை விழுகிறது. புல்லும் வேரும் இல்லாத மண் சும்மா இருக்குமா?

'அப்போ மரத்தையெல்லாம் வெட்டச் சொல்றீங்களா' என்று ஒரு சூழலியல் தம்பி. இல்லை அப்பா. சரிவை மொட்டையடித்தால் மண் வரும் என்று இப்போதுதானே சொன்னேன். வீட்டை ஒட்டிய முதல் சில அடியைத்தான் சொல்கிறேன். கூரைப் பீலியில் பைனஸ் ஊசி குவிந்திருந்தால் அள்ளுங்கள். அந்தப் பீலி பிளாஸ்டிக் என்றால் யோசியுங்கள். கலிபோர்னியாவில் இப்போது சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் பற்றக்கூடியது எதுவும் வேண்டாம் என்கிறார்கள், அதற்கு முன்பே எங்கள் பாட்டி அதை விளக்குமாற்றால் செய்துகொண்டிருந்தாள். வீடுகள் பெரும்பாலும் பெரிய சுவாலை வந்து மோதி எரிவதில்லை, பறந்து வரும் பொறியில்தான் பற்றுகின்றன.

'இப்படிப் பேசினால் காணி விலை விழும்.' விழட்டும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கமென்ட் இவை எதுவும் இல்லை. அதைப் போட்டவர் எனக்குத் தெரிந்தவர், வெள்ளவத்தையில் கோயிலில் பார்த்தால் சிரிப்பவர். 'மலைக்கு நெருப்பு வைக்கிறதே உங்க ஆட்கள்தானே?' என்று எழுதியிருந்தார். தோட்டத்துச் சனங்களைத்தான் சொல்கிறார். பதினாலு பேர் லைக். எண்ணினேன்.

ஆமாம், வைக்கிறார்கள். மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று வைப்பவர்கள் உண்டு. வேட்டைக்கு வைப்பவர்கள் உண்டு. குப்பை எரிக்கப் போய்க் கைமீறி விடுபவர்கள் உண்டு. நம் நாட்டில் காட்டுத்தீ தானாகப் பிடிப்பது மிக அபூர்வம், ஏறக்குறைய எல்லாமே மனிதக் கைதான். அந்தக் கைகளில் எல்ல ராக் மலையில் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டிக் கிட்டார் வாசித்துவிட்டு, அணைக்காமல் பஸ் ஏறும் கொழும்புக் கைகளும் உண்டு, ஐயா. ஆனால் பற்றிய பிறகு அடிக்கப் போவது யார்? ஹெலிகொப்டர் வாளியில் தண்ணீர் கொண்டுவருவதை வீடியோ எடுக்கிறீர்கள். அதற்கு முன்னால் பச்சைக் கொப்போடு ஏறுகிறவர்களை யாரும் எடுப்பதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள், கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள், வனத்துறை ஆட்கள், ஆமிக்காரர்கள். என் அப்பாவின் கையை நீங்கள் பார்க்கவில்லை.

உங்க ஆட்கள் என்றீர்கள். இருபத்தெட்டு வருடமாக இந்தக் கொழும்பில் இருக்கிறேன், இதே தெருவில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் நான் உங்க ஆட்கள். அந்த மண்டபத்தில் சிரிப்பு வந்தது என் கேள்விக்கா, என் பேச்சில் இருக்கும் தோட்டத்து இழுப்புக்கா என்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு முன்வரிசை அம்மா நான் வாய் திறந்ததும், கேள்வியே முடியாதபோது, பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதினைந்து பேர்ச் விடுமுறை வீட்டுக்காவது நாளைக்கு யாராவது ஒரு படி போட்டுக் கொடுப்பார்கள், காசு கொடுத்தால் ஆள் வரும். லயத்துக்கு யார் போடுவது? ஒரே கூரை, ஒரு காம்பராவில் மின்சார வயர் பற்றினாலே வரிசை முழுக்கப் போகிறது. பத்திரிகையில் எத்தனை தடவை பார்த்துவிட்டோம். புதிதாக ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று வீட்டுக்காணி பேசும்போதும், தேயிலை நன்றாக வருகிற இடத்தை யார் கொடுப்பார்? நான் போய்ப் பார்த்தவை எல்லாம் ஓரத்தில், புல்லுக்குப் பக்கத்தில், பைனஸுக்குப் பக்கத்தில். அங்கே டேப் பிடித்துக்கொண்டு யாரும் சரிவு அளக்கவில்லை.

வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகவும்தான்.

சிலர் கேட்டார்கள், இவ்வளவு தெரிந்தவள் அந்தக் கூட்டத்துக்கு ஏன் போனாய் என்று. என் மகன் அந்தக் காணிக்கு முற்பணம் கட்ட இருந்தான். வீடியோ வந்த நாளிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒபீசில் எல்லோரும் "கலிபோர்னியா எப்படி" என்று கேட்கிறார்களாம். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. பத்து வருடமாகச் சேர்த்த காசு, அம்மா எழும்பி நின்று மானத்தை வாங்கிவிட்டாள். முற்பணத்தை மட்டும் இன்னும் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளை பஸ்ஸில் போகிறேன். நேற்று புறக்கோட்டையில் முப்பது மீற்றர் டேப் ஒன்று வாங்கினேன். நூறு மீற்றருக்கு நாலு தடவை நீட்ட வேண்டும், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். மகனிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றான்.