தளபதிக்கு அட்டை, சிப்பாய்க்கு மெட்டு

ஒரு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பழைய அமெரிக்க இசைத்தாள்களின் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லெஸ்டர் லெவி என்பவர் சேர்த்த சுமார் 29,000 தாள்கள் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம்.

ரேடியோ இல்லாத காலத்தில் புதுப் பாட்டு வீட்டுக்குள் வந்தது பெரும்பாலும் இந்தத் தாள் வழியாகத்தான். வீட்டில் பியானோ இருக்கும், வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் இருப்பாள். உள்ளே இருக்கும் இசை எப்படியோ, கடையில் கையை நீட்ட வைப்பது அட்டை. போர் வந்துவிட்டால் அட்டையில் தளபதி வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் ஜெயிப்பாரா என்று பார்க்க அச்சகத்துக்குப் பொறுமை கிடையாது.

ஜார்ஜ் மெக்லெல்லனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861 ஜூலை. வர்ஜீனியாவில் புல் ரன் என்ற இடத்தில் லிங்கனின் வடக்குப் படை தெற்கிடம் அடிவாங்கி ஓடியது. அடுத்துப் பொறுப்பேற்ற மெக்லெல்லனுக்கு வயது 34. பத்திரிகைகள் 'இளம் நெப்போலியன்' என்று கொண்டாடின. அவர் பெயரில் 'மார்ச்' என்கிற அணிவகுப்பு நடை இசைத்தாள்கள் வந்து குவிந்தன. மனிதர் படையைப் பிரமாதமாகப் பழக்கினார், அழகாக அணிவகுக்க வைத்தார். சண்டைக்குக் கிளப்புவதுதான் பெரும்பாடு. 1862 நவம்பரில் லிங்கன் அவரை நீக்கினார். 1864 தேர்தலில் அதே லிங்கனை எதிர்த்து நின்று மூன்றே மாநிலங்களில் ஜெயித்தார்.

1898-ல் மணிலா விரிகுடாவில் ஸ்பெயின் கப்பல்களை முடித்த அமெரிக்கக் கடற்படை அட்மிரல் டூயியாவது ஜெயித்துக் காட்டியவர். இசைத்தாளில் தொடங்கித் தட்டு, கரண்டி வரை அவர் முகம்தான். நியூயார்க்கில் மரத்தாலும் பிளாஸ்டராலும் ஒரு வெற்றி வளைவு கட்டினார்கள். அதையே கல்லில் கட்டப் பணம் சேரவில்லை; ஒரு வருஷத்தில் இடித்துவிட்டார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது 1942தான். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் ஜப்பானை எதிர்த்து நின்ற அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர் பெயரில் அந்த வருஷம் பாட்டுத் தாள்கள் வந்தன. அமெரிக்காவில் குழந்தைகளுக்கெல்லாம் அவர் பெயர் வைத்தார்கள். அதே நேரத்தில் பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் அவருடைய வீரர்கள் பாதி ரேஷனில் கிடந்தார்கள். கடைசியில் குதிரைப் படையின் குதிரைகளையே அறுத்துச் சாப்பிட்டார்கள். தளபதி எதிரே கொரெகிடார் தீவின் சுரங்கத்தில் இருந்தார். பட்டானுக்கு ஒரே ஒரு முறைதான் வந்து போனார். வீரர்கள் அவருக்குப் 'பதுங்குகுழி டக்' என்று பட்டப்பெயர் வைத்து, பாறைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று பாட்டும் கட்டினார்கள். மார்ச் 11 அன்று அவர் ரூஸ்வெல்ட் உத்தரவின்படி படகில் வெளியேறினார். ஏப்ரல் 9 அன்று பட்டானில் 70,000க்கும் மேற்பட்ட அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வீரர்கள் ஜப்பானிடம் சரணடைந்தார்கள். கோழை என்று அவரைச் சொல்வது நியாயமில்லை, முதல் உலகப் போரில் அவர் வாங்கிய பதக்கங்களே போதும். இருந்தாலும் குதிரைக் கறி தின்கிறவனிடம் போய் நியாயம் பேச எனக்கு வாய் வராது.

அந்தக் கேலிப் பாட்டின் மெட்டு எது தெரியுமா? உள்நாட்டுப் போரில் வடக்குச் சிப்பாய்கள் பாடிய ஜான் பிரவுன் பாட்டு. 1861 நவம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு படை அணிவகுப்பைப் பார்க்கப் போன கவிஞர் ஜூலியா வார்ட் ஹோ அதைக் கேட்டுத்தான், அதே மெட்டுக்கு 'பேட்டில் ஹிம் ஆஃப் தி ரிபப்ளிக்' என்ற தன்னுடைய புகழ்பெற்ற வரிகளை எழுதினார். அது யாருடைய படை? நம்ம மெக்லெல்லனுடையதேதான்! அவர் பெயரில் அச்சான மார்ச் ஒன்றையும் இன்று யாரும் முணுமுணுப்பதில்லை. அவருடைய சிப்பாய்கள் காசு கொடுக்காமல் பாடிய மெட்டு 80 வருஷம் கழித்துப் பட்டான் காட்டில் இன்னொரு தளபதியைக் கிண்டலடிக்க உதவியிருக்கிறது.

அக்கா மகள் கீபோர்டு கற்கிறாள். மெக்லெல்லன் மார்ச் ஒன்றை அச்செடுத்து, பழைய தாள் மாதிரியே மடித்துக் கொடுத்தேன். அவள் விரித்து வைத்தபோதுதான் கவனித்தேன், வாசிக்க ஆரம்பித்தால் தளபதியின் முகம் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. இரண்டு தடவை வாசித்தாள். "மாமா, வேற ஏதாவது கொடுங்க" என்றாள்.

அட்டையை மட்டும் அவளிடமிருந்து திரும்ப வாங்கி வந்துவிட்டேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வரைந்தவன் கை அப்படி.