மூச்சுப் பயிற்சி வேண்டாம், வார்டுக்கு ஆள் போடுங்கள்

போன வாரம் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றி ஒரு மணி நேர வகுப்பு வைத்தார்கள். நைட் டூட்டி முடித்தவர்களையும் வீட்டுக்கு விடவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்றார் வந்தவர். என் பக்கத்தில் இருந்த பெண், 23 வயதுதான், கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிவிட்டாள். அவளைப் பார்த்து வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ரத்தமும் சாவும் எங்களை உடைப்பதில்லை, அதற்குப் பழகித்தான் வந்தோம். உடைப்பது ஆள் பற்றாக்குறை. பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆள், இது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எங்கள் வார்டில் ராத்திரி 22 பேருக்கு இரண்டு பேர். அதில் ஒருத்தி சேர்ந்து இரண்டு மாதம்.

ஒருவருக்கு ரத்தம் ஏற்ற ஆரம்பித்தால் முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஒவ்வாமை வந்தால் அப்போதுதான் பெரும்பாலும் தெரியும். நான் அங்கே நிற்கும்போது எட்டாம் பெட்டில் ட்ரிப் முடிந்து ரத்தம் குழாயில் திரும்புகிறது, கடைசிப் பெட்டில் ஒரு வங்காளத்துப் பாட்டி "பேத்தா, பேத்தா" என்று அழுகிறார். பேத்தா என்றால் வலி, வேலூரில் வேலை பார்க்கிற எங்களுக்கு அது தெரியும். ஆனால் எங்கே வலி, எப்படி வலி, எப்போதிலிருந்து என்று கேட்க எனக்கு அந்த மொழி இல்லை. கையைக் காட்டி, முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள நேரம் வேண்டும், அந்த நேரம்தான் என்னிடம் இல்லை. அப்புறம் டாக்டர் ஏன் வரவில்லை, பில் ஏன் ஏறியது என்ற சத்தமெல்லாம் சிஸ்டர் மேல்தான் விழும். மருத்துவப் பணியாளரை மிரட்டுவதே குற்றம் என்று 2008லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் இன்சார்ஜ் சிஸ்டர் "விடும்மா, பிரச்சினை வேண்டாம்" என்பார். அவர் மேலும் கோபப்பட முடியவில்லை, அவரும் இதே மாதிரி நின்றவர்தான்.

லீவு கேட்பதுதான் இதில் மோசம். என் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டில் இருந்தால் அந்தப் பாரம் நிர்வாகத்தின் தலையில் ஏறாது, காலையில் வந்த இன்னொரு சிஸ்டர் ராத்திரியும் நிற்பார். குடியாத்தம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவர் நிற்பது தெரிந்தால் எந்தத் தாய்க்கு வீட்டில் நிம்மதியாக உட்கார முடியும்? குழந்தைக்கும் குற்றவாளி, தோழிக்கும் குற்றவாளி.

ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். இந்த ஊரிலா? 1909லேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர், 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு வந்த ஊர். ஆரணி, ஆம்பூர், அணைக்கட்டு என்று எங்கே போனாலும் படித்த பெண்கள் இருக்கிறார்கள், வளைகுடாவுக்குப் போக ஏஜென்ட் வாசலில் நிற்கிறார்கள். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவில் அமைந்த குழு 2016இல் சொன்னது. அதைக் கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா? அரசு வேலையிலும் நிலைமை ஒன்றும் மேலாக இல்லை, 2015இல் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் வந்தவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். இந்த ஷிப்ட்டில் நோயாளிகள் எத்தனை, நர்ஸ்கள் எத்தனை என்று சாக்பீஸில் எழுதுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள உள்ளே வருகிற உறவினர் அதைப் படித்துவிட்டு வரட்டும், யாரிடம் சத்தம் போட வேண்டும் என்று அவருக்கே தெரியும்.